கல் முதலில், மண் பிறகு

லோத்குண்டா பகுதியில் இருக்கும் தன் வீட்டின் கூடத்தில், நாலடி மீன்தொட்டிக்குள் தோள்பட்டை வரை கையை விட்டபடி நிற்கிறான் சரத். ராணுவ நிலத்தின் வேலியோரம் பொறுக்கி வந்து, தேய்த்துக் கழுவி அடுக்கிய கருங்கற்களில் அடியில் இருக்கும் பெரியது கண்ணாடிப் பக்கம் சாய்ந்துவிட்டது. அதன்மேல் இன்னும் நாலு கல். கையை எடுத்தால் கண்ணாடி போய்விடும். ஆப்பிரிக்க ஏரியின் அடிபோலவே இருக்க வேண்டும் என்று மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளை இதற்கே கொடுத்தவன், மண்ணைக் கொட்டிவிட்டு அதன்மேல் கல்லை அடுக்கியிருக்கிறான். மஞ்சள் சிக்லிட் மீன் ஒன்று அந்தக் கல்லின் அடியிலிருந்து வாய் நிறைய மண்ணை அள்ளிக்கொண்டு போய் மூலையில் துப்புகிறது. திரும்பி வந்து மறுபடி அள்ளுகிறது. மாலை வெயில் தண்ணீரில் பட்டுச் சுவரில் நெளிகிறது. சுவரோரம், அவனை விட்டுக் கிளம்பும் மனைவி பத்மப்ரியாவின் இரண்டு பெட்டிகள். கீழே வாடகைக் கார் ஹாரன் அடிக்கிறது.

"ப்ரியா, இங்க கொஞ்சம் வா."

மாட்டிய செருப்பைக் கழற்றாமலே வந்து பார்க்கிறாள். "கல்லை வெச்சுட்டு அப்புறம் மண்ணைப் போடுங்கன்னு அன்னைக்கே சொன்னேன். காதுலயே போட்டுக்கல."

"ஹவ்... ஆமா, சொன்ன," என்கிறான். இப்படி அவன் ஒப்புக்கொள்வது இதுதான் முதல் தடவை.

அவள் வளையல்களை மேலே ஏற்றிவிட்டுத் தண்ணீருக்குள் கையை விடுகிறாள். இரண்டு கைகளும் ஒரு கணம் உரசிக்கொள்கின்றன. "விடுங்க, நான் பிடிச்சுக்கறேன். மேல இருக்கறத ஒண்ணொண்ணா எடுங்க."

சரத் மேல் கல்லைத் தூக்கி வெளியே வைக்கிறான். "டிரைவரைப் போகச் சொல்லிடவா?"

கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறாள்: "அஞ்சு நிமிஷம் நிக்கச் சொல்லுங்க."