எட்டாவது எழுத்து

"பேரு இருக்குற எடத்துல ஸ்டிக்கர் ஒட்டிட்டீங்களா?"

"ரெண்டு ரிப்போர்ட்டுலயும் ஒட்டியாச்சு" என்றான் ரகுநாத். "எதுக்கு இதெல்லாம்?"

"யாருதுன்னு நெனச்சுக்கிட்டே பார்த்தா, கண்ணு நமக்கு வேணுங்கிறதத்தான் படிக்கும். இது பையன், இது பொண்ணு. அவ்வளவுதான்" என்றாள் அருணா.

கீரனூர் பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடை. மடிக்கணினிக்கு ரகுநாத்தின் போனிலிருந்து இணையம். திருச்சியில் உயிர்த்தகவலியல் படிக்கும் அருணாவுக்கு, புரதங்களை எழுத்து எழுத்தாக அடுக்கி வைத்திருக்கும் அந்த இணையதளம் ஒரு பெரிய நூலகம்.

ஆவணியில் கல்யாணம். பெண்ணின் அக்கா குழந்தைக்கு ரத்தத்தில் ஒரு பரம்பரை நோய். வலி வந்தால் வீடே துடிக்கும். பெண்ணுக்கும் அந்தக் குறை பாதி உண்டு. பையனும் சொந்தத்தில்தான். அவனுக்கும் அதே குறை இருந்தால், பிறக்கும் குழந்தைக்கு முழுசாக வரலாம். அப்படியானால் கல்யாணம் வேண்டாம் என்று பெண் சொல்லிவிட்டாள்.

"பொண்ணுக்கு ஏழாவது எழுத்துல மாத்தம். பையனுக்கு?"

"ஏழு."

அருணா தளத்தில் ஏழாவது எழுத்தைத் தொட்டாள். 'ஈ'. பையன் ரிப்போர்ட்டில் மாறியதாகக் குறித்திருந்த ஆங்கில எழுத்தும் 'ஈ'. பக்கத்தில் அந்த நோயின் பெயர்.

"நிப்பாட்டிருவாளா அந்தப் பொண்ணு?"

"நிப்பாட்டிருவா."

"கொஞ்சம்கூட யோசிக்க மாட்டாளா?"

"யோசிச்சுட்டுத்தான் சொன்னா."

டீயில் ஆடை படிந்தது. ரகுநாத் காகிதத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஆமா, பையன் ரிப்போர்ட்டு 'வி'ல ஆரம்பிக்குது. இங்கிட்டு 'வி'க்கு முன்னாடி ஒரு 'எம்' நிக்குதே. இனிஷியலா?"

"இனிஷியல்தான்னு வச்சுக்கங்க. புரதம் உருவாகும்போது 'எம்'லதான் ஆரம்பிக்கும். அப்புறம் ஒடம்பே அதை வெட்டி விட்டுரும்..."

பேச்சை நிறுத்தினாள். காகிதத்தை இழுத்துக்கொண்டாள்.

"இது எங்க எடுத்தது?"

"வெளிநாட்டுல. பழசு."

"பழைய வழக்கம். இனிஷியலை விட்டுட்டு எண்ணியிருக்காங்க. பொண்ணோடதுல அதையும் சேர்த்து எண்ணியிருக்காங்க." விரல் திரையில் எழுத்து எழுத்தாக நகர்ந்தது. "பாருங்க, ரெண்டு 'ஈ' பக்கத்துல பக்கத்துல நிக்குது. அதான் ஏமாந்துட்டேன். பையனோடது ஏழு இல்ல, எட்டு."

எட்டாவது எழுத்தைத் தொட்டாள். மூன்று முறை படித்தாள்.

"என்னன்னுதான் சொல்லேன்."

"அந்த எடத்துல மாறினா ஒண்ணும் பண்ணாதாம். டாக்டர்கிட்டயும் ஒருக்கா காட்டிக்கலாம். ஆனா அந்த நோய் இது இல்ல."

ரகுநாத் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தான். டம்ளரைத் தள்ளி வைத்தான்.

"அப்ப ஆவணிக்கு அப்புறம் என் பேரை இனிஷியலாப் போட்டுக்குவியா?"

பெண்ணின் ரிப்போர்ட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை மெதுவாக உரித்து, தன் பெயரைப் பார்த்தபடி அருணா சொன்னாள்: "ஒடம்பே இனிஷியலை வெட்டி விட்டுருதுன்னு இப்பத்தானே சொன்னேன், மச்சான்."