பூட்டுக்காரர் வீட்டுக் கதவு

சாவியை ஒரு திருப்புத் திருப்பினார். உள்ளே இரும்பு நாக்கு போய் உட்கார்ந்தது. ‘டக்.’

அவ்வளவுதான். இனி படியிறங்க வேண்டும்.

கீழே வாடகைக் கார் காத்திருந்தது. ரயிலுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நாளைக் காலை வேறொரு ஊரில் மகளுக்குப் பதிவுத் திருமணம். “அப்பா பக்கத்துல வந்து நிக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்று சொல்லியிருந்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை. அவள் பட்டம் வாங்கிய அன்று இவர் போய்ச் சேர்ந்தபோது, மண்டபத்தில் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் இந்தக் கதவு செய்த வேலை.

வேடிக்கையைக் கேளுங்கள், அவருக்குத் தொழிலே பூட்டுதான். ஊரில் யார் சாவியைத் தொலைத்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். புதுப் பூட்டை மாட்டுவார், காதைக் கொடுத்து ‘டக்’கைக் கேட்பார், “ஆச்சுங்க” என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். சொந்த வீட்டுக் கதவிடம் வந்தால் மட்டும் மனுஷன் தொலைந்தார். பூட்டுவார், இழுப்பார், திறப்பார், மறுபடி பூட்டுவார். தெருமுனை வரை போய்விட்டுக் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி திரும்பி ஓடிவருவார். “பூட்டியிருக்குன்னு ஒரே ஒரு தடவை சொல்லேன்” என்று மனைவியிடம் கெஞ்சுவார். அவளும் பாவம், சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

டாக்டர் இதற்கு ஓசிடி என்று பெயர் சொல்லி, ஓர் ஆலோசகர் அம்மாவிடம் அனுப்பிவைத்தார்.

அந்த அம்மா இவர் வீட்டுக் கதவைப் பற்றி முதலில் கேட்கவே இல்லை. தொழிலைப் பற்றித்தான் கேட்டார்.

“அடுத்தவங்க வீட்டுல பூட்டு விழுந்துடுச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறீங்க?”

“அதான் காதுல கேட்குமே!”

“உங்க வீட்டுக்குப் போறப்போ அந்தக் காதைக் கழட்டி வெச்சுட்டுப் போறீங்களா?”

பூட்டுக்காரர் தன்னையறியாமல் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதன்பிறகு வாராவாரம் பேச்சுதான். ‘ஒருவேளை பூட்டு விழவில்லையோ’ என்ற சந்தேகம் எங்கிருந்து வருகிறது? கண் பார்த்ததா, காது கேட்டதா? ஒன்றும் இல்லை. என்றைக்கோ பேப்பரில் படித்த திருட்டு, எவனோ டீ குடிக்கும்போது சொன்ன ‘எது வேணா நடக்கலாம்’, இதையெல்லாம் போட்டுக் குழப்பி மனசு கட்டுகிற கதை. கதை நன்றாகத்தான் இருக்கும். அதை நம்பிப் படியேறி ஓடுவதுதான் வம்பு.

இன்றும் கதை ஆரம்பித்தது. ஒருவேளை...

“காதால கேட்டாச்சு” என்று வாய்விட்டே சொன்னார். கைப்பிடியைத் தொடாமல் படியிறங்கினார்.

மனைவி மூச்சுவிடவும் பயந்து பின்னாலேயே வந்தாள். காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் அழுதுவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அவருக்கு ஒரே பெருமை. “கிளம்புங்க தம்பி” என்று டிரைவரிடம் சொன்ன தோரணையைப் பார்க்க வேண்டுமே!

அப்போது போன் அடித்தது.

மனைவியின் தம்பி. கல்யாணத்துக்குக் கூட வருகிறவன். பெட்டிகளைக் காரில் ஏற்றிவிட்டுத் தெருமுனைக் கடைக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருப்பான், போகிற வழியில் ஏற்றிக்கொள்ளலாம் என்று பூட்டுக்காரர் முடிவுகட்டியிருந்தார்.

“மாமா! கதவு பூட்டியிருக்கு! நான் பாத்ரூம்ல இருந்தேன். இழுத்து இழுத்துப் பாத்துட்டேன், அசையவே மாட்டேங்குது!”

மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள். அவர் இறங்கி ஓடினார்.

பாதிப் படியில் சந்தேகம் அவரைப் பிடித்துக்கொண்டது. சும்மா விடுமா? வாகான சமயம். ‘ஒரு முழு ஆளையே உள்ளே வைத்துப் பூட்டியவன் நீ. உன்னை நம்பிக் கதவை விட்டுவிட்டுப் போகலாமா?’

கல்யாணம், கையெழுத்து, மகள் முகம் எல்லாம் கண்முன் வந்து போயின. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே மைத்துனன் கதவைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தான்.

நின்றவர் யோசித்தார். இவன் கடைக்குப் போனதை நான் பார்த்தேனா?

இல்லை. நானாகக் கட்டிக்கொண்ட கதை.

பூட்டு விழுந்ததைக் கேட்டேனா?

கேட்டேனே!

கதைதான் காலை வாரியிருக்கிறது. காது வாரவில்லை. மாடிப்படியில் தன்னந்தனியாக நின்றுகொண்டு அவர் சிரித்த சிரிப்பில், எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

மேலே போய்க் கதவைத் திறந்தார். மைத்துனன் வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்தான். திட்டக்கூட மறந்துபோய், இன்னும் சிரித்துக்கொண்டிருந்த மாமாவை ஒரு மாதிரி பார்த்தான்.

அவர் வீட்டுக்குள் ஒரு பார்வை பார்த்தார். வேறு யாரும் இல்லை. கதவைச் சாத்தினார், சாவியைத் திருப்பினார். ‘டக்.’ சாவி சட்டைப்பைக்குள் போய்விட்டது.

மைத்துனனுக்கு மனசு ஆறவில்லை. கைப்பிடியில் கைவைத்தான். “மாமா, எதுக்கும் ஒரு தடவை இழுத்துப் பாத்துடட்டுமா?”

“நீ நல்லா இழுத்துக்கிட்டு இரு. என் பொண்ணு காத்துக்கிட்டிருக்கா” என்று கீழேயிருந்து குரல் வந்தது.