முள்ளுக்குக் காவல்

ரப்பர் முகமூடியை என் மூக்கில் வைத்து அரைமணி நேரம் இழுத்துப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்குதுங்க. அவருக்குக் குடுக்கலாம்" என்றேன். நர்ஸ் லோயிஸ் பணிவாகத் தலையாட்டிவிட்டு, முகமூடியோடு பக்கத்துக் கட்டிலின் திரைக்குப் பின்னால் போனார்.

அது யுத்த காலம். கோத்தகிரிப் பக்கம் ஒரு வெள்ளைக்காரரின் டீ எஸ்டேட்டில் நான் ஃபாக்டரி எஞ்சின் டிரைவர். திரைக்குப் பின்னால் படுத்திருந்தவர் எங்கள் ஹெட் கிளார்க் நூருல்லா. அவர் உயிர் முகமூடிக்கு வாயு அனுப்பும் இரும்பு சிலிண்டரில் இருந்தது; சிலிண்டர் என் கண்காணிப்பில் இருந்தது.

இருமலுக்கு மருந்துத் தண்ணி வாங்கத்தான் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போனேன், ஏற்றத்தில் நாலு இடத்தில் உட்கார்ந்து எழுந்து. டாக்டர் சகாயம் என் விரல்களைப் பிடித்து, நகம் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டார். எஞ்சின் கறை என்றேன். ஒரு வாரம் தங்கச் சொன்னார். நான் படுத்தால் எஸ்டேட்டே நின்றுபோகும் என்று அவருக்கு விளக்கினேன். எனக்குப் பதிலாகப் பொன்ராஜ் ஓட்டிய அந்த நாட்களில் எஞ்சின் ஒரு தடவைகூட நிற்கவில்லை என்பது வேறு விஷயம்.

டாக்டர் சற்று யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஹெட் கிளார்க் உள்ளே கிடக்கிறார், கோயமுத்தூரிலிருந்து பிராணவாயு வந்திருக்கிறது என்றார். அழுத்தம் குறைந்தாலோ வாயு கெட்டிருந்தாலோ உயிருக்கு ஆபத்தாம். மிஷின் தெரிந்த ஒருவர் கூடவே இருந்து, சிலிண்டரில் அழுத்தம் காட்டும் மீட்டரின் முள்ளைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் தானே இழுத்துப் பார்த்த பிறகுதான் நோயாளிக்குக் கொடுக்க வேண்டும்.

"உங்கள விட்டா இதுக்கு ஆளே இல்லீங்க" என்றார்.

என் மார்பு விரிந்தது. அப்போது அது விரியக்கூடிய அளவுக்கு.

அன்றே பொறுப்பேற்றேன். நாற்காலியிலேயே சாப்பாடு, நாற்காலியிலேயே தூக்கம். நட்டை எப்படி இறுக்குவது என்று டாக்டருக்கே பாடம் நடத்தினேன். நோயாளியோடு பேசக் கூடாது என்பது உத்தரவு, அதையும் மீறவில்லை.

ஒன்று மட்டும் உறுத்தியது. நான் இழுக்கும்போது முள் இறங்கியது. திரைக்குப் பின்னால் முகமூடி போனதும் அசையாமல் நின்றது. மூச்சை இழுக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடக்கிறாரே மனுஷர் என்று எனக்குக் கண் கலங்கியது. அவருக்காக இன்னும் கவனமாக, இன்னும் ஆழமாக இழுத்துச் சோதித்தேன்.

ஐந்தாம் நாள் காலை டாக்டர் குழாயை என் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். சோதிப்பவன் நெஞ்சும் சரியாக இருக்க வேண்டுமாம். பிறகு, கண்டம் தாண்டியாகிவிட்டது, இனி சிலிண்டர் வேண்டாம் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. திரையை விலக்கிக்கொண்டு போய் நூருல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இனிமே மூச்சுக்குப் பயமில்லீங்க. அஞ்சு நாளா முள்ள விட்டுக் கண்ணெடுக்கலீங்க."

நன்றி சொல்வார் என்று நின்றேன். அவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர், இனிச் சொல்லலாம் என்பதுபோலத் தலையசைத்தார். நூருல்லா கம்பளியை மெல்ல விலக்கினார். இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு.

"ஏனுங்க சின்னராஜு, கால் ஒடைஞ்சவனுக்கு எதுக்குங்க பிராணவாயு?"