பன்னிரண்டாம் கேசட்

14.3.1986, வெள்ளி.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். எழுதும்போது கேட்பதற்காகச் சேர்த்த படப் பின்னணி இசை கேசட்டுகளில் பன்னிரண்டாவதன் முதுகுப் பல்லை, மேலே வேறெதுவும் பதியாமலிருக்க, உடைத்துவைக்க மறந்திருந்தேன். மாலை வகுப்புக் கட்டுரை எழுத உட்கார்ந்து, தவறுதலாகப் பதிவுப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினேன். இசை அழிந்து அறையின் ஓசை பதிந்துவிட்டது.

சந்தேகத்தில் மூன்று முறை போட்டுக் கேட்டேன். என் பேனா கீறும் ஓசை. பிறகு, பக்கத்து அறையிலிருந்து தங்கை கோமதி:

“அண்ணே, சத்தத்தக் கொறைங்க லா. மூச்சு முட்டுது.”

போன வருடமும் இதையேதான் சொன்னாள். நான் சத்தத்தைக் கூட்டினேன். கட்டுரையை முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தபோது அவள் உடம்பு குளிர்ந்திருந்தது.

கேசட்டில் மறுபடியும், மிகப் பக்கத்தில்: “எழுதி முடிச்சாச்சா, அண்ணே?”

முடிக்கவில்லை. இசை இல்லாமல் எனக்கு எழுத வராது.

நாளை: பிரிக்பீல்ட்ஸ் கேசட் கடையில் இதன்மேலேயே இசையைப் பதியச் சொல்ல வேண்டும். பல்லை மறக்காமல் உடைக்க வேண்டும்.