இரண்டாம் நிமிடம், பதினான்காம் நொடி

'மேலுதடு கிழிந்தது முதல் அடியிலேயே' என்றுதான் கடிதம் தொடங்கியது.

சரிபார்ப்பவர் அதைக் கட்டுரைக்குப் பக்கத்தில் வைத்து, ஓரத்தோடு ஓரம் சேரும்படி நேராக்கினார்.

கலைக்களஞ்சியத்தின் எட்டாம் தொகுதி. ஐம்பத்திரண்டு வருஷத்துக்கு முன் வந்து இன்னும் பேசப்படுகிற ஒரு சோல் இசை ஆல்பம், முழுக்க ஜோடிப் பாட்டுகள். அதைப் பற்றி ஒன்றரைப் பக்கம். நாலு மணிக்கு அச்சுக்குப் போயாக வேண்டும். அடுத்த பதிப்பு வர இன்னும் பதினைந்து வருஷம் ஆகும்.

அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. எழுபத்தாறு வயதிலும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டுதான் உட்காருவார். காலையிலிருந்து ஏழு பிழை பிடித்தாயிற்று. ஐந்தாம் பாட்டின் நீளம் நாலு நொடி தப்பு. ட்ரம்பெட் வாசித்தவர்கள் இரண்டு பேர், மூன்று பேர் இல்லை. அட்டையில் இருப்பது ஓவியமே அல்ல, புகைப்படம்.

எட்டாவது இடத்தில் பேனா நின்றது.

'மூன்றாம் பாட்டில் இரண்டாம் நிமிடம் பதினான்காம் நொடியில் விழும் ஒற்றைக் கைத்தட்டலும், அதையடுத்துப் பெண்குரலில் எழும் விம்மலும் காதலின் உச்சம்.'

கடிதம் எழுதியிருந்தது அந்தப் பெண்குரல்தான். பாடகிக்கு இப்போது எழுபத்துநாலு வயது.

'அது கைத்தட்டல் இல்லை, என் கன்னம். அரைத் தாளம் பிந்தி எடுத்தேன், கூடப் பாடியவர் மோதிரக் கையால் அறைந்தார். ஒரே மைக்கின் முன்னால் நின்றோம், அதனால் நன்றாகப் பதிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் பிந்தவே இல்லை. ஆனாலும் பாட்டை முதலிலிருந்து எடுப்பார், அந்த இடம் வந்ததும் அடிப்பார். ஒன்பது தடவை. நாலாவதில் பல் போயிற்று. ஆறாவதில் பியானோ விளிம்பில் போய் விழுந்தேன், முடியைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். ரத்தத்தை விழுங்கிக்கொண்டு பாடினேன். பிந்தாதவளை எதற்கு அடித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.'

ஒன்பது இல்லை. பதினொன்று.

அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த இடத்தை ஓடவிட்டார். ஈரத்துணியைக் கல்லில் அறைந்த மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பின்னால், காதை நெருக்கி வைத்தால் மட்டும், பற்கள் மோதிக்கொள்கிற சின்ன 'கிளிக்'. பிறகு அந்தக் குரல். தரையில் கிடந்து எழுந்து சுவரைப் பிறாண்டிக்கொண்டு மேலே ஏறுகிற குரல். உன் கைக்குள் இருந்தால் எனக்குப் பயமில்லை என்று பாடியது.

கதவு திறந்தது. உதவி ஆசிரியை.

"சார், மணி மூணே முக்கால். அந்த அச்சுக்காரர் போன் பண்ணிப் பண்ணி என் உயிரை எடுக்கிறார்."

பேசிக்கொண்டே வந்தவள் கடிதத்தைப் பார்த்ததும் குரலை இறக்கினாள்.

"நானும் படிச்சேன் சார். போன வருஷம் அந்தாள் செத்தப்ப ஊரே அழுதுச்சு, தெருவுக்குப் பேர் வேற வச்சிருக்காங்க. இந்தம்மா என்ன கேக்குறாங்க? அதைக் கைத்தட்டல்னு போடாதீங்கன்னு கேக்குறாங்க. அவ்வளவுதானே?"

அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த தாளைத் தொட்டுக் காட்டினார். பாதிக்கப்பட்டவர் சொல் மட்டும் போதாது. அச்சில் வந்த ஆதாரம் வேண்டும், இல்லையென்றால் நேரில் பார்த்த ஒருவரின் கையெழுத்து. அவரே வகுத்த விதி.

"தெரியும் சார். அதான் ஆள் இருக்காரே! கடைசிப் பத்தியைப் பாருங்க."

பார்த்தார்.

'கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்த பையன் இருந்தான். பேர் தெரியாது, ஒல்லி என்று கூப்பிடுவோம். தங்கமான பையன். பார்க்கச் சகிக்காமல் தலையைக் குனிந்துகொண்டான். உயிரோடு இருந்தால் கேளுங்கள், கட்டாயம் சொல்லுவான்.'

"நீங்கதான் அந்தக் காலத்து ஆளுங்க எல்லாரையும் கரைச்சுக் குடிச்சவராச்சே. இந்த ஒல்லி எங்க இருக்கார்னு மட்டும் சொல்லுங்க. ஒரே ஒரு கையெழுத்து, நானே ஓடிப்போய் வாங்கிட்டு வர்றேன். அச்சுக்காரரை அதுவரைக்கும் நான் சமாளிச்சுக்கிறேன்."

சரிபார்ப்பவர் நாற்காலியில் அசைந்தார். நூற்றிரண்டு கிலோ. நாற்காலி முனகியது.

"ஒல்லி செத்துட்டாரும்மா."

"அய்யோ."

அவள் கடிதத்தின் கடைசிப் பத்தியை மறுபடி பார்த்தாள்.

"எப்ப சார்?"

"ரொம்ப வருஷமாச்சு."

கைத்தட்டல் என்ற சொல்லுக்கு நேரே ஓரத்தில் சிவப்பு மையில் 'சரி' என்று போட்டு, தேதியும் இட்டுத் தாளை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு, கதவை வேண்டிய அளவுக்கு மேல் வேகமாகச் சாத்திவிட்டுப் போனாள்.

ஐம்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய இடுப்பு இருபத்தாறு அங்குலம்.

தலையைக் குனிந்தது உண்மைதான். எதிரே இருந்த ஒலிப்பதிவுப் பலகையில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திக்கொண்டு பேசினால் பாடகரின் ஹெட்போனில் மட்டும் கேட்கும், பாடகிக்குக் கேட்காது. பலகையில் இருந்த மைக் தாழ்வாக இருந்தது. குனிந்தால்தான் வாய் எட்டும்.

"அண்ணே, அடிச்சப்புறம்தான் அவ குரல் வருது. இன்னொண்ணு பாத்துடலாம்."