ஷாங்காயில் ஒரு திருஷ்டிப் பொட்டு

நான்கு விநாடி.

மிஷின் ஒரு படத்தைத் திருத்தும் நேரத்தை அவள் மனத்துக்குள் எண்ணினாள். சரியாக எண்ணினோமா என்று சந்தேகம் வந்தது. அடுத்த படத்துக்கும் எண்ணினாள்.

நான்கேதான்.

திரையில் மணப்பெண்ணின் முகம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. பருக்கள் இல்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம் இல்லை. மூக்கில் மின்னிய வியர்வையும் போயிருந்தது.

அம்பாசமுத்திரத்தில் இதே முகத்தைத் திருத்த அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

ஏழு வருடமாக அவள் வேலை அதுதான். இசக்கியம்மாள் அக்காவின் ஸ்டுடியோவில், பின்னறைக் கம்ப்யூட்டரில், ஊராரின் முகங்களுக்கு டச்சப் செய்வது.

அக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அத்தனை பெரிய கண்காட்சிக் கூடத்தில் சேலை கட்டியிருந்தது அவள் ஒருத்திதான். காலையிலிருந்து பத்துப் பேராவது அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

"ஊர்ல நான் எல்லாத்தையும் படம் எடுக்கேன். இங்க வந்தா என்னைய எடுக்கானுவ."

பிறகு திரையைக் காட்டினாள்.

"எனக்கு இதுல என்னட்டி தெரியும்? நீ பாத்துச் சொல்லு. நீ சரின்னா வாங்கிருவோம்."

விமானம் ஏறும் முன்பும் இதையேதான் சொன்னாள். வாங்கிவிட்டால் பின்னறையில் அவளுக்கு என்ன வேலை என்று சொல்லவில்லை.

அவளும் கேட்கவில்லை.

அக்கா வெந்நீர் தேடிப் போனாள். இந்த நாட்டில் தண்ணீர் கேட்டால் வெந்நீர்தான் தருகிறார்கள். அந்த ஒன்று அக்காவுக்கு மிகவும் பிடித்துப்போயிருந்தது.

கடையில் இருந்த சீனத்துப் பெண் சின்னவள். தன் போனிடம் சீனத்தில் பேசினாள். போன் அதைத் தமிழில், வானொலிச் செய்தி வாசிப்பதுபோல் சொன்னது.

"தயவுசெய்து அடுத்த முகத்தைத் தாருங்கள்."

தான் கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து அவள் இன்னொரு படத்தைத் திறந்தாள். ஒரு வயதுக் குழந்தை. முதல் பிறந்தநாள். கன்னத்தில் மை. ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் திருஷ்டிப் பொட்டு.

நான்கு விநாடி.

பொட்டைக் காணோம்.

"கறை நீக்கப்பட்டது," என்றது போன்.

சீனத்துப் பெண் பெருமையாகச் சிரித்தாள்.

அவளுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். ஒன்றன்பின் ஒன்றாக யோசித்தாள்.

அக்கா இப்போது வருவாள். இந்தக் கன்னத்தைப் பார்ப்பாள். பொட்டில்லாத பிள்ளையின் படத்தை எந்தத் தாயும் வாங்கிப் போக மாட்டாள், ஸ்டுடியோ வாசலில் நின்று சத்தம் போடுவாள் என்று அக்காவுக்குத் தெரியும். மிஷின் வேண்டாம் என்று ஆகிவிடும்.

பொய் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும்.

அது தப்பா? இரண்டு முறை தன்னையே கேட்டுப் பார்த்தாள். தெரியவில்லை.

இதற்குள் கடையைச் சுற்றி ஆள் கூடிவிட்டது. போகிறவர்களும் வருகிறவர்களும் நின்று பார்த்தார்கள். சுவர் உயரத் திரையில், அத்தனை கண்களுக்கு முன்னால், பொட்டில்லாமல் ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது.

கை மவுஸுக்குப் போயிருந்தது.

கறுப்பு. சின்ன வட்டம். சற்றுக் கோணலாக, விரலால் தொட்டு வைத்ததுபோல்.

வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது.

திரையின் ஓரத்தில் ஒரு கட்டம் எழுந்தது. சீனத்துப் பெண் அதை அழுத்தினாள்.

"உங்கள் திருத்தம் நினைவில் வைக்கப்பட்டது," என்றது போன்.

அந்தப் பெண்ணே இன்னொரு குழந்தையின் படத்தைத் திறந்தாள். மிஷின் தோலைத் துடைத்தது. பொட்டைத் தொடவில்லை. மூன்றாவது குழந்தைக்கும் தொடவில்லை.

"நீங்கள் சிறந்த ஆசிரியர்."

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

இரண்டு காகிதக் கோப்பைகளோடு அக்கா வந்தாள். திரையைப் பார்த்ததும் நின்றாள்.

"அட, பொட்ட அழிக்காம விட்டுட்டே! நீகூட வந்த புதுசுல அழிச்சிட்டு, அந்தப் பிள்ளைக்க அம்மைகிட்ட ஏச்சு வாங்குனல்லா?"

இப்போதும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லைதான்.

"இதுவும் அழிச்சுதுக்கா. நான் வச்சுக் காட்டிட்டேன். மிஷின் அதப் பாத்துப் படிச்சிக்கிட்டு."

"நீயா வச்சே?"

"ஆமாக்கா. கை தானாப் போயிட்டு."

அக்கா ஒரு கோப்பையை அவளிடம் நீட்டினாள். மற்றதை ஊதினாள். குடிக்கவில்லை.

"கூறுகெட்டவளே," என்றாள், தாழ்ந்த குரலில். "நான் வாரது வரைக்கும் சும்மா இருந்திருக்கப்பிடாதா?"

அவள் நிமிர்ந்தாள். அக்கா அவளைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீனத்துப் பெண் ஆர்டர் தாளை மேசையில் விரித்துப் பேனாவைத் திறந்து வைத்தாள். அக்கா தன் கோப்பையை அந்தத் தாளின்மேல் வைத்தாள். நாற்காலியை இழுத்து, கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். அவசரமில்லாதவள்போல.

"கோயில் கொடையில எடுத்த படம் இருக்கா? சாமியாடி மொகமெல்லாம் மஞ்சளும் திருநாறுமா நிப்பாரே, அது."

"இருக்குக்கா."

"அதப் போடு. அதையும் அழிக்குதான்னு பாப்போம். இந்தத் தடவ கையக் கெட்டிக்கிட்டு உக்காரு."

அவள் படத்தைத் திறந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டாள்.