பிடரியில் ஒரு கை

"அய்யய்யோ, கொல்றானே!"

பலராமன் அலறினான். பிடரியை இறுக்கியிருந்த கை, அவன் முகத்தை மறுபடியும் மோட்டார் தண்ணிக்குள் அமுக்கியது.

சற்று முன்புவரை, வீட்டுக்கு வெள்ளையடிக்க அவனும் பக்கத்து வீட்டு முனிரத்தினமும் சுண்ணாம்புக் கல்லை நீற வைத்துக்கொண்டிருந்தார்கள். முனிரத்தினம் அவசரப்பட்டு ஒரு குடம் தண்ணீரையும் மொத்தமாகக் கவிழ்த்தான். கொதித்துப் பொங்கிய சுண்ணாம்பு பலராமன் முகத்தில் குப்பென்று அடித்தது.

அப்புறம் ஒரே இருட்டு. கண்ணுக்குள் நெருப்பள்ளிக் கொட்டினாற்போல் எரிய, திக்குத் தெரியாமல் ஓடினான். ஒரு கை அவனை எட்டிப் பிடித்து, வரப்பு வழியே தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது.

"டேய் முனிரத்தினம், வுடுடா! இது அந்த சுப்பராயன் போட்ட மோட்டாருடா! பாத்தான்னா வெட்டிப் போட்டுடுவான்!"

பதில் இல்லை. இரண்டு முரட்டு விரல்கள் இமையைப் பிளந்து பிடித்துக்கொள்ள, தண்ணீர் நேராகக் கண்ணுக்குள் ஓடியது.

"வெளக்கெண்ணெ வுட்டா எரிச்சல் அடங்கும்பா!" என்று களையெடுக்க வந்த கிளியம்மாள் கத்தினாள். பிடி தளரவில்லை. கண்ணைக் கசக்கப் போன பலராமனின் கைதான் பட்டென்று தட்டிவிடப்பட்டது.

மூச்சு முட்ட முட்ட அலசிய பிறகு, சைக்கிள் கேரியரில் அவனை ஏற்றி உட்கார வைத்தார்கள். சைக்கிள் படப்பை ஆஸ்பத்திரியைப் பார்த்துப் பறந்தது.

"ஏண்டா, வாய் ஓயாம பேசுவியே, இப்ப இன்னாடா ஆச்சு? தண்ணிய கவுத்துட்டோமேன்னு பயமா? போவட்டும் வுடு."

சைக்கிள் மிதிப்பவனின் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது.

"என் கண்ணு போச்சுன்னா கிணத்துக் கேஸுக்கு யார்ரா கோர்ட்டுக்கு நடக்கறது? சுப்பராயனுக்குக் கொண்டாட்டம். மொத்தக் கிணத்தையும் வளைச்சுக்குவான்."

சைக்கிள் ஒரு குலுங்கு குலுங்கிவிட்டு, இன்னும் வேகமெடுத்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணை மறுபடி கழுவி, மருந்து விட்டுக் கட்டினார். "இப்பவே எழும்பூர் கண்ணாஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. பயப்படாதீங்க, பார்வை தப்பிச்சிடும். எண்ணெ கிண்ணெ விட்டு நேரத்தைக் கடத்தியிருந்தா ரெண்டு கண்ணும் போயிருக்கும். உடனே தண்ணியில அலசினது யாரு?"

பலராமன் துழாவி, பக்கத்தில் நின்றவன் கையைப் பிடித்துக்கொண்டான். "எங்க முனிரத்தினம்தான் சார். தம்பி மாதிரி."

வாசலில் தடதடவென்று ஆள் ஓடி வரும் சத்தம். "அண்ணே! அண்ணிக்கு சேதி சொல்லி இட்டாரத்தான் ஓடினேன். கண்ணு எப்படிண்ணே கீது?"

அது முனிரத்தினத்தின் குரல்!

பலராமன் குரல் வந்த பக்கம் திரும்பினான். அவன் பிடியிலிருந்த கை மெல்ல நழுவப் பார்த்தது. அவன் விடவில்லை.

டாக்டர் அந்த ஆளை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நீங்க யாரு? இவருக்கு சொந்தமா?"

தொண்டையைச் செருமிக்கொண்டு அந்த ஆள் முதல் தடவையாக வாயைத் திறந்தான்.

"கிணத்துக் கேஸுல எதிர்பார்ட்டி, டாக்டர்."